பதினேழு பேர் தூக்கிய கொடி

லொவீனா ஸ்ட்ரேக் பட்டாளத்தோடு போனதற்குக் காரணம் நாட்டுப்பற்று என்று பின்னாளில் பலர் மேடையில் பேசினார்கள். உண்மையில் காரணம் அவள் புருஷன் ஆப்னர். நல்ல மனுஷன்தான், ஆனால் தனியாக விட்டால் ஈரக் காலுறையோடு தூங்கிவிட்டு மூன்று நாள் தும்முகிற ஜாதி.

1862 ஆகஸ்டில், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது, வடக்குப் பக்கத்து அயோவா ஐம்பத்து மூன்றாவது தொண்டர் காலாட்படைக்கு ஆள் எடுக்க, கோல்டர் துறை என்ற ஆற்றங்கரை ஊரின் நீதிமன்ற வாசலில் பித்தளை வாத்தியக்காரர்கள் இரண்டு மணி நேரம் ஊதினார்கள். முதல் ஒரு மணி நேரம் ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஊர்ப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அதைப் பார்த்ததும் ஆம்பிளைகளுக்கு வீரம் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் தொண்ணூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆப்னர் எண்பத்தெட்டாவது.

மறுநாள் காலை லொவீனா நேரே கேப்டன் முன்னால் போய் நின்றாள். வயது இருபத்தாறு, பிள்ளை குட்டி இல்லை, கை மட்டும் உலக்கை மாதிரி.

"கம்பெனிக்கு நாலு சலவைக்காரி வெச்சுக்கலாம்னு சட்டம் இருக்காமே?"

"இருக்கும்மா. ஆனா நாங்க சண்டைக்கில்ல போறோம்?"

"அழுக்குச் சட்டையோடயா?"

கேப்டன் பேனாவை எடுத்தார். அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

ஆப்னர் துப்பாக்கி கைக்கு வருமுன்னே, பயிற்சி முகாமிலேயே அம்மை கண்டு இறந்துபோனான். எதிரி முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அடக்கம் முடிந்ததும் கேப்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, "நீ ஊருக்குப் போயிடும்மா, வண்டி ஏற்பாடு பண்றேன்" என்றார். லொவீனா திரும்பிப் பார்த்தாள். கொடிக்கயிற்றில் தொண்ணூறு பேர் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் காயட்டும். அப்புறம் போறேன்" என்றாள்.

மூன்று வருஷம் காயவில்லை.

பட்டாளத்துப் பையன்கள் அவளை அக்கா என்றார்கள். அவளை விட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்தைப் பார்த்து ஆளை எடை போடுவது லொவீனாவுக்கு வராது. சட்டையைக் கொடுத்தால் சொல்லிவிடுவாள். சில்வானஸ் பெக் என்ற கசாப்புக்கடைக்காரர் மகன் வீராப்பு நிறையப் பேசுவான். அவன் சட்டையின் வலது கைப்பட்டை மட்டும் எப்போதும் கண்ணீரும் மூக்குச்சளியுமாக வரும். அவள் யாரிடமும் சொன்னதில்லை. கூடக் கொஞ்சம் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடுத்துவிடுவாள்.

கொடி தூக்கும் சார்ஜென்ட் பெயர் டோர்கில் ஹௌகன். நார்வேயிலிருந்து எட்டு வயதில் வந்தவன், ஆறடி இரண்டு அங்குலம். பேச்சு மட்டும் அரை அங்குலம். பட்டாளத்துக்கு இருந்த ஒரே கொடி அவன் பொறுப்பு. கோல்டர் துறைப் பெண்கள் பதினாறு பேர் சேர்ந்து தைத்த நீலப் பட்டு, நடுவில் கழுகு. கழுகு தைத்தவர்களுக்குள் ஏதோ தகராறாம். அதனால் அதற்குக் கொஞ்சம் மாறுகண்.

தெற்கு மாநிலமான அர்க்கன்சாவில் ஹாக்பெரி ஓடைக்கு இந்தப் பக்கம் முகாம் போட்டிருந்தபோது ஒருநாள், விளக்கு வைக்கிற நேரம், டோர்கில் லொவீனாவின் கூடாரத்துக்கு ஓடிவந்தான். கையில் கொடி. கொடியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏதோ கறுப்பாக வடிந்தது.

"ஐயையோ, ரத்தமா?"

"வெல்லப்பாகுக்கா."

உணவுக் கிடங்கு வண்டியில் பாகுப் பீப்பாய்மேல் கொடியைச் சாய்த்து வைத்துவிட்டு டோர்கில் பூட்ஸ் கயிறு கட்டியிருக்கிறான். பீப்பாயின் குழாய் கழன்றுவிட்டது. ஒரு கேலன் பாகு கொடிமேல் இறங்கிவிட்டது. எறும்புக்குக் கழுகு, நீலம், நாடு என்ற பேதமெல்லாம் தெரியாது. எல்லா இடத்திலும் ஏறியிருந்தது.

"கர்னல் பார்த்தா என்னைச் சுட்டுடுவாருக்கா."

"சுடமாட்டார். பாகு வீணாச்சேன்னு வேணா திட்டுவார். கொடு இங்க."

பட்டுத்துணியை வெந்நீரில் போட்டால் தீர்ந்தது. குளிர்ந்த நீரில், கொஞ்சம் வினிகர் விட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அலசினாள். பிழியாமல் துண்டில் சுருட்டி வைத்து, விடிந்தும் விடியாததுமாக முள்புதர்மேல் விரித்தாள். விரித்துவிட்டுக் காபி போடத் திரும்பினாள். அவ்வளவுதான். பட்டாளத்துக் கோவேறு கழுதைகளில் பிஷப் என்று ஒன்று இருந்தது. முகத்தில் அவ்வளவு பக்தி இருந்ததால் அந்தப் பெயர். அதற்கு இனிப்பு வாசனை போயிருக்கிறது. லொவீனா திரும்பிப் பார்க்கும்போது பிஷப் கொடியின் ஓரத்தை மென்றுகொண்டிருந்தது. அவள் ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் இழுக்க, முள் ஒரு பக்கம் இழுக்க, கொடியில் ஏழெட்டு ஓட்டை.

அந்த நேரம் பார்த்து எக்காளம் ஊதினார்கள். ஓடைத் துறையில் தெற்கத்திக்காரர்கள் வந்துவிட்டார்கள். எல்லாரும் உடனே அணிவகுக்க வேண்டும். டோர்கில் கொடிக்கம்போடு வந்து நின்றவன் கொடியைப் பார்த்தான். கழுதையைப் பார்த்தான்.

"இப்படி நிக்காதே" என்றாள் லொவீனா. "உறை எங்க?"

கொடிக்கு மழைக்காக ஒரு கறுப்பு மெழுகுத்துணி உறை உண்டு, நீளப் பை மாதிரி. அது இருந்தது. ஆனால் வெறும் உறை கம்பில் தொளதொளவென்று தொங்கியது, பட்டினி கிடந்த பாம்பு மாதிரி. லொவீனா சுற்றுமுற்றும் பார்த்தாள். கைக்கு எட்டியது கர்னலின் உள்கால்சட்டைகள் இரண்டு. நீளக்கால் வைத்த தடித்த கம்பளி. அதைச் சுருட்டி உறைக்குள் திணித்து, வாயை நாலு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். உறை கும்மென்று நின்றது. நல்லவேளை, மழையும் தூற ஆரம்பித்தது.

"யாராவது அவிழ்க்கச் சொன்னா?"

"முடிச்சு நனைஞ்சு இறுகிடுச்சுன்னு சொல்லு."

"பொய்யாச்சேக்கா."

"நான் போட்ட முடிச்சு. நீயே அவிழ்த்துப் பாரு, பொய்யா நிஜமான்னு தெரியும்."

அவன் போனான். வண்டிகள் நின்ற மேட்டிலிருந்து லொவீனாவுக்குச் சண்டை தெரியவில்லை. புகைதான் தெரிந்தது. புகைக்கு மேலே வில்லோ மரங்களுக்கு நடுவில் அந்தக் கறுப்புக் கம்பு மட்டும் நின்றது. ஒன்பது மணி வாக்கில் அது சரேலென்று தாழ்ந்தது. பிறகு மறுபடி எழுந்தது, முன்னைவிடக் குட்டையாக. அப்படியே நின்றது. படை இரண்டு தடவை கலைந்து ஓடி, இரண்டு தடவையும் அந்தக் கம்பைப் பார்த்துத் திரும்பிப் போய்ச் சேர்ந்துகொண்டது. அந்தக் கம்பில் என்ன இருக்கிறது என்று உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி மேட்டில் நின்று கைமுஷ்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்னொருவன் தொடையில் குண்டு பாய்ந்து சேற்றில் உட்கார்ந்து, கம்பை மடியில் ஊன்றிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வண்டியில் டோர்கில் வந்தான். கம்பைக் கையிலிருந்து பிடுங்கவே முடியவில்லை என்று டாக்டர் சொன்னார். லொவீனா குனிந்ததும் விரல் தானாக விட்டது.

"அக்கா, கர்னலோட துணி ஈரமாயிடுச்சு" என்றான்.

அன்றைக்குப் பூராவும் அழாதவள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே அழுதாள். உள்கால்சட்டைகளில் ஐந்து குண்டுத் துளை. ஒட்டுப் போட்டு வைத்துவிட்டாள். கர்னல் கவனிக்கவே இல்லை. கொடியை மறுநாள் காலை கம்பில் பூட்டினாள். கர்னல் வந்து பார்த்தார். கிழிந்த ஓரத்தையும் ஓட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். கண்ணில் நீர் தளும்பியது. லொவீனா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். கர்னல் கொடிக்கு முத்தம் கொடுத்தார். வாயை மூடிக்கொண்டாள். அடுத்த வருஷம் அவர் காய்ச்சலில் போய்விட்டார். சொல்ல வேண்டிய ஆளே இல்லாமல் போயிற்று.

யுத்தம் முடிந்து எல்லாரும் ஊர் திரும்பினார்கள். கொடி நீதிமன்றத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறியது. லொவீனா ஆற்றங்கரைத் தெருவில் சலவைக்கடை போட்டாள். முன்பு துவைத்த அதே ஆட்களின் சட்டையைத் துவைத்தாள், இப்போது தொப்பைக்குத் தக்கபடி அளவு மட்டும் பெரிது. டோர்கில் ஒன்பது மைல் தள்ளி நிலம் வாங்கி, குன்ஹில் என்ற கெட்டிக்காரியைக் கட்டிக்கொண்டு, நொண்டி நொண்டி உழுதான். வருஷா வருஷம் பட்டாளத்துக்காரர்கள் ஒன்றுகூடிச் சாப்பிட்டார்கள். அவன் ஒரு தடவைகூட வந்ததில்லை.

இருபத்திரண்டு வருஷம் கழித்துப் பட்டாளத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. எழுதும் பொறுப்பு மேஜர் ஹோபார்ட்டுக்கு. விதைக்கடை வைத்திருந்தார், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பார்க்க வேண்டும் அவருக்கு. வீட்டில் மனைவி தடை போட்டுவிட்டதால், சனிக்கிழமைதோறும் சட்டை வாங்க வரும் சாக்கில் லொவீனாவின் கடையில் உட்கார்ந்து படிப்பார். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பாள். பயிற்சி முகாம் அத்தியாயம் நன்றாகவே இருந்தது. ஆப்னர் பெயர் வந்தபோது மேஜர் படிப்பதை நிறுத்தி மூக்கைச் சிந்தினார். அதற்காக அவள் அந்த வாரம் சட்டைக் காலருக்குக் கஞ்சி கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாள்.

ஜூன் மாதம் ஹாக்பெரி ஓடை வந்தது.

"கேளுங்க மிஸஸ் ஸ்ட்ரேக், இதுதான் புத்தகத்துக்கே உயிர்" என்று மேஜர் தொண்டையைச் செருமினார். "'முதல் வேட்டிலேயே கொடி சார்ஜென்ட் கொடியைக் கீழே போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினான். அப்போது வீரன் சில்வானஸ் பெக் பாய்ந்து...'"

"என்னது? ஓடினானா?"

"எனக்கு வந்த கடிதங்கள்ல பதினேழு பேர், ஆளாளுக்குத் தான்தான் கொடியைத் தூக்கினதா எழுதியிருக்காங்க. பதினேழு பேர் எடுத்தாங்கன்னா, கீழே போட்டவன் ஒருத்தன் இருந்தாகணுமில்ல? கணக்கு சரியா வரணும் பாருங்க."

"நீங்க பார்த்தீங்களா?"

மேஜர் முகம் சிவந்தது. "அன்னிக்கு எனக்கு வயிறு சரியில்ல. அது உங்களுக்கே தெரியும்."

"தெரியும்" என்றாள் லொவீனா. துவைத்தவள் அவள்தானே.

ஏதோ தீயும் வாசனை வந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். மேஜரின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் முதுகில் இஸ்திரிப்பெட்டி அச்சு அசலாகப் பதிந்திருந்தது. இருபது வருஷத்தில் அவள் கருக்கிய முதல் சட்டை.

மறுநாள் சர்ச்சுக்குப் போகாமல் வண்டி பிடித்து டோர்கில் பண்ணைக்குப் போனாள். குன்ஹில் காபியும் உருளைக்கிழங்கு ரொட்டியும் வைத்தாள். லொவீனா விஷயத்தைச் சொன்னாள். டோர்கில் காபியை ஊதி ஊதிக் குடித்தான்.

"விடுங்கக்கா. புத்தகத்தை யாரு படிக்கப்போறா?"

"நீ ஓடினேன்னு அச்சுல வரப்போகுதுடா."

"உண்மையைச் சொன்னா உங்க பேரும்தான் கெடும். கர்னல் பேரும். எல்லாத்துக்கும் மேல பாகைக் கொட்டினது நான்."

"என்ன பாகு?" என்றாள் குன்ஹில்.

சொல்ல வேண்டியதாயிற்று. கழுதை வரும் இடத்தில் குன்ஹில் சிரித்தாள். உள்கால்சட்டை வரும் இடத்தில் மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஓடினான் என்று மேஜர் எழுதியிருப்பதைக் கேட்டதும் நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"யாரு, இந்த மனுஷனா ஓடினாரு? போன வருஷம் காளை துரத்தினப்பவே இவரு ஓடல. நின்னு அதுகிட்ட நியாயம் பேசிட்டிருந்தாரு!" புருஷன் பக்கம் திரும்பினாள். "பதினெட்டு வருஷம் ஒரே படுக்கையில படுத்திருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை?"

"நீ கேக்கல."

"உள்ள கர்னலோட கால்சட்டை இருந்துச்சான்னு நான் எப்படிக் கேப்பேன்?"

செப்டம்பரில் பட்டாளத்துக் கூட்டத்துக்குப் போவது என்று குன்ஹில் முடிவு செய்தாள்.

கூட்டம் ஆற்றங்கரை எல்ம் மரத் தோப்பில் நடந்தது. நீள மேஜைகள், பொரித்த கோழி, வேகவைத்த பீன்ஸ், அடுப்பில் சுட்ட முப்பது வகை ஆப்பிள் பை. ஆம்பிளைகள் உட்கார்ந்தார்கள், பெண்கள் பரிமாறினார்கள். டோர்கில் குன்ஹிலுக்குப் பின்னால் ஒளிய முயற்சி செய்தான். ஆறடி இரண்டு அங்குலத்தை எங்கே ஒளிப்பது? சில பேர் அவனைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி தட்டைப் பார்த்தார்கள். சில்வானஸ் பெக் மட்டும் குறுகுறுவென்று பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போது அவர் ஊரிலேயே பெரிய கசாப்புக்கடைக்காரர், மார்பில் மூன்று பதக்கம்.

மேஜர் மேடையேறி ஹாக்பெரி ஓடை அத்தியாயத்தைப் பிரித்தார். 'முதல் வேட்டிலேயே' என்று ஆரம்பித்தபோது, காபிக் கூஜாவோடு மேஜைகளுக்கு நடுவில் வந்துகொண்டிருந்த லொவீனா நின்றாள்.

"கொஞ்சம் இருங்க மேஜர். பெக் தம்பியை ஒண்ணு கேக்கணும்."

பெண்கள் பேசுகிற வழக்கம் அந்தக் கூட்டத்தில் கிடையாது. ஆனால் அக்காவை உட்கார் என்று சொல்ல யாருக்கும் தைரியமும் கிடையாது.

"சில்வானஸ், நீ தூக்கினப்போ கொடி விரிஞ்சிருந்துச்சா?"

"என்னக்கா கேள்வி? காத்துல படபடன்னு அடிச்சுது! அந்த நீலப் பட்டு, அந்தக் கழுகு என்னையே பார்த்துச்சு!"

"அந்தக் கழுகு யாரையும் நேராப் பார்க்காது. சரி, மத்த பதினாறு பேரும் கழுகைப் பார்த்தீங்களா?"

பார்த்தோம், பார்த்தோம் என்று அங்கங்கே குரல் வந்தது. கொஞ்சம் சன்னமாக.

"அன்னிக்கு அந்தக் கொடி சண்டைக்கே வரலப்பா. என்னோட புதர்மேல காஞ்சிட்டிருந்துச்சு."

கூஜாவை மேஜைமேல் வைத்துவிட்டு முழுசையும் சொன்னாள். பாகு, எறும்பு, பிஷப், உறை, முடிச்சு, எதையும் விடவில்லை.

கடைசி மேஜையிலிருந்து ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "கர்னலோட உள்கால்சட்டையா?"

"ரெண்டு. குளிர்காலத்துக் கம்பளி."

"அதைப் பார்த்தா நாங்க திரும்பி வந்தோம்?"

"அதைப் பார்த்துத்தான்."

முதலில் சிரித்தது ஒரு கை இல்லாத தபால்காரர். அப்புறம் அந்த மேஜை, அப்புறம் அடுத்த மேஜை, பிறகு தோப்பே குலுங்கியது. பாதிரியார் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். பெக் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அப்போ நான் பொய் சொல்றேன்கறீங்களா? எனக்கு ஞாபகம் இருக்குக்கா! இந்தத் தோள்ல பாரம். ஓடையில இடுப்பளவு தண்ணி. முகத்துல துணி பட்டுப் பட்டு அடிக்குது. நான் எதையோ தூக்கிட்டு வந்தேன். தூக்கலைன்னா சொல்றீங்க?" கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

லொவீனா அவரைக் கேலி செய்யத்தான் வந்திருந்தாள். இப்போது அந்த வலது கைப்பட்டை ஞாபகம் வந்தது.

குன்ஹிலுக்குப் பின்னாலிருந்து டோர்கில் எழுந்தான்.

"பொய் இல்ல" என்றான். "தூக்கினான். என்னைத்தான் தூக்கினான்."

பெக் திரும்பிப் பார்த்தார்.

"கடைசியில படை ஓடையைத் தாண்டிப் பின்வாங்குச்சு. நான் சேத்துல கெடந்தேன். நீ திரும்பி வந்து என்னை முதுகுல போட்டுக்கிட்டே. கம்பை விடச் சொன்னே, நான் விடல. உறை உன் மூஞ்சியில அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. முக்கால் மைல். வழி பூரா என்னைத் திட்டிக்கிட்டே வந்தே. அதுல பாதி வார்த்தை எனக்கு அப்போதான் தெரியும்." கொஞ்சம் யோசித்துச் சொன்னான்: "கொடியை விட நான் கனம், சில்வானஸ்."

அது டோர்கில் வாழ்க்கையிலேயே பேசிய நீளமான பேச்சு. பெக் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அது நீயாடா?" என்றார். "மூஞ்சி பூரா சேறு, யாருன்னே தெரியல. செத்துட்டேன்னு நெனச்சேன். பேச்சுமூச்சு இல்லாம இருந்தியே. வண்டியில போட்டுட்டு, செத்த பிணத்துக்காகத் திரும்பிப் போனேனே, முட்டாள்தனம் பண்ணிட்டேனேன்னு..." மேலே சொல்லவில்லை. கைப்பட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். டோர்கில் நொண்டிக்கொண்டே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஒரே தட்டிலிருந்து ஆப்பிள் பை தின்றார்கள்.

மற்ற பதினாறு பேரில் பதினொரு பேர் சாயங்காலத்துக்குள் தங்கள் கடிதத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். நாலு பேர் அது வேறு சண்டையாக இருக்கலாம் என்றார்கள். ஒருவர் மட்டும் சாகும்வரை தான் கழுகைப் பார்த்ததாகவே சொன்னார். அவர் எப்போதும் அப்படித்தான்.

மேஜர் அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். உள்கால்சட்டையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மூன்று சனிக்கிழமை லொவீனாவோடு மல்லுக்கட்டினார்.

"கர்னலோட விதவை உயிரோட இருக்காங்க, மிஸஸ் ஸ்ட்ரேக்."

"நான் ஒட்டுப் போட்டதை அந்தம்மா இத்தனை வருஷத்தில பார்த்திருக்கமாட்டாங்களா?"

"பார்த்திருப்பாங்க. அதுக்காக நாம அச்சடிக்கணுமா?"

கடைசியில் விட்டுவிட்டார்கள். புத்தகத்தில் ஹாக்பெரி ஓடைக்கு இருப்பது ஒரே பக்கம். படையின் கம்பைக் காலையிலிருந்து மாலைவரை சார்ஜென்ட் டோர்கில் ஹௌகன் பிடித்திருந்தார், அவரைச் சில்வானஸ் பெக் தோளில் சுமந்து வந்தார் என்று இருக்கும். 'கொடி' என்ற சொல் அந்தப் பக்கத்தில் இல்லை. பின்னால் வரும் பெயர்ப் பட்டியலில் நாலாவது கம்பெனிக்குக் கீழே 'லொவீனா ஸ்ட்ரேக், சலவை' என்று இருக்கிறது. அச்சகத்துக்காரர் முதலில் அதைக் கோவேறு கழுதைகளுக்கு அப்புறம் போட்டிருந்தார். மேஜரே நேரில் போய் மாற்ற வைத்தார்.

நீதிமன்றத்துக் கண்ணாடிப் பெட்டியை யாரும் தொடவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு அந்த ஓட்டைகளைக் காட்டிக் குண்டு பாய்ந்தது என்று காவல்காரர் இன்னும் சொல்கிறார். உள்ளூர்க்காரர்கள் பக்கத்தில் நின்றால் இருமுவார்கள்.

அடுத்த வருஷக் கூட்டத்தில் லொவீனாவைப் பட்டாளத்துச் சங்கத்தின் முழு உறுப்பினராக, ஓட்டுரிமையோடு சேர்த்துக்கொண்டார்கள். முன்மொழிந்தவர் பெக், வழிமொழிந்தவன் டோர்கில். எழுந்து நின்று "ஆமா" என்றான், அவ்வளவுதான். மேஜர் அவளை ஏற்புரை சொல்லக் கூப்பிட்டார். நாடு, தியாகம் என்று ஏதாவது சொல்வாள் என்று எல்லாரும் தட்டைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எனக்குப் பேசத் தெரியாது" என்றாள். "உறுப்பினருக்குத் தீர்மானம் கொண்டுவர உரிமை உண்டாமே. நான் ஒண்ணு கொண்டுவரேன். இனிமே இந்தக் கூட்டத்தில சாப்பிட்ட தட்டையெல்லாம் ஆம்பிளைங்களே கழுவணும்."

அரை மணி நேரம் காரசாரமாக வாதம் நடந்தது. ஹாக்பெரி ஓடையில்கூட இவ்வளவு கூச்சல் இருந்ததில்லை என்று தபால்காரர் சொன்னார். ஓட்டெடுப்பில் தீர்மானம் மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. மேஜர் ஹோபார்ட் கோட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.